புலிப்பாய்ச்சல் பள்ளத்தாக்கின் 28 வளைவு: பின்னாலேயே வந்த மணிச் சத்தம்

தோ பாயோ வாசி

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் இருக்கும் புலிப்பாய்ச்சல் பள்ளத்தாக்குக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்பதெல்லாம் இந்த இணைய மன்றத்தில் பலரும் எழுதியாயிற்று. நான் அதைத் தொடப் போவதில்லை. போன அக்டோபரில் நானும் மனைவியும் மலைச்சரிவில் போகும் மேல்பாதை நடந்தோம். அதில் வளைந்து வளைந்து ஏறும் இடத்துக்குத்தான் ‘28 வளைவு’ என்று பெயர். வந்து மாதக்கணக்கில் ஆகிறது. ஒரே ஒரு விஷயம் மட்டும் இன்னும் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது.

அங்கே வாழும் நாஷி இனத்தாரின் குடும்ப விடுதியில் சாப்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்த பத்தாவது நிமிடம், பின்னால் மணிச் சத்தம். போனவர்களுக்குத் தெரியும். களைத்தவர்களைக் காசுக்கு ஏற்றிப்போகும் அந்தக் குதிரைக்காரர்கள் கூவி அழைப்பதில்லை, கெஞ்சுவதில்லை. சும்மா பின்னால் வருவார்கள். நாம் நின்றால் நிற்பார்கள். நமக்கு மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டே வருவார்கள். எங்களுக்கு வாய்த்தவருக்கு அறுபது வயதிருக்கும். பச்சைக் கான்வாஸ் ஷூ, கட்டைவிரல் பக்கம் கிழிந்தது. மூன்றாவது வளைவில் போனில் கால்குலேட்டரைத் திறந்து 300 என்று காட்டினார். ‘பூ யாவ்’ என்றேன். வேண்டாம் என்பதற்கு, எனக்குத் தெரிந்த ஒரே சீனச் சொல். ஏழாவது வளைவில் 200. பன்னிரண்டில் 150.

மனைவிக்கு வலது முழங்கால் கொஞ்சம் தகராறு. அவள் காலை எப்படி ஊன்றுகிறாள் என்பதை அவர் பார்த்துவிட்டார். எனக்கு அதுதான் எரிச்சல். நம் வலியை வைத்துக் கணக்குப் போடுகிறாரே என்று. பதினாறிலோ பதினேழிலோ கத்தியே விட்டேன், தமிழில்தான், கையை ஆட்டி. அவர் சிரித்துக்கொண்டு ‘மான்மான் ட்ஸோவ்’ என்றார். போனில் போட்டுப் பார்த்தேன், ‘மெதுவாக நட’ என்று வந்தது. சரி, கிண்டல்தான் என்று முடிவு கட்டினேன். மணி மட்டும் நிற்கவே இல்லை.

உச்சி கிட்டத்தட்ட 2,670 மீட்டர். கீழே ஜின்ஷா ஆறு கயிறு மாதிரி கிடக்கிறது, எதிரே யூலோங் பனிமலை. எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். நான் மணி எங்கே என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். எப்போது நின்றது என்றே தெரியவில்லை. எட்டிப் பார்த்தால் மூன்று வளைவு கீழே, ஒரு பைன் மர நிழலில் உட்கார்ந்து, தொப்பியில் மக்காச்சோளத்தைக் கொட்டிக் குதிரையின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரம் எங்கள் பின்னால் ஏறியதற்கு ஒரு யுவான் கிடைக்கவில்லை அவருக்கு.

குதிரையில் ஏறியிருக்க வேண்டுமா, சும்மாவே ஏதாவது கொடுத்திருக்க வேண்டுமா, கத்தாமலாவது இருந்திருக்கலாமா, எதுவும் தெளிவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஈப்போ மாமா

எனக்குக் கிடைத்த குதிரை இப்படிப் பின்னால் வரவில்லை, நேருக்கு நேர் வந்தது.

2012 ஜூலை. போகவே கூடாத மாதம், லீவு அப்போதுதான் கிடைத்தது. பாதிவழி விடுதியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் குவான்யின் அருவி பாதைமேலேயே விழும் இல்லையா, அங்கே. பாறை முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் ஒன்றுமில்லை. கூட்டாளி அக்கரைக்குப் போய்விட்டான். நான் கேமராவை எடுத்துக்கொண்டு, படம் நன்றாக வரும் என்று ஓரமாக, அதாவது பள்ளத்துப் பக்கமாக நின்றேன். எதிரே ஐந்து குதிரைகள். முன்னால் மூன்று சிமெண்ட் மூட்டையோடு. நான்காவதில் கேஸ் சிலிண்டர். அதை ஓட்டி வந்த பையன் என்னைப் பார்த்ததும் ஒரு கத்தல் கத்தினான். மொழி தேவைப்படவில்லை. தாவி மலைப் பக்கம் ஒட்டிக்கொண்டேன். சிமெண்ட் மூட்டை என் நெஞ்சை உரசிக்கொண்டு போனது, சட்டைப் பொத்தான் ஒன்று பிய்ந்தது. அந்த உரசல் நான் முதலில் நின்ற இடத்தில் நடந்திருந்தால் இதை உங்களுக்கு எழுத ஆள் இல்லை.

ஆனால் கண்ணில் நிற்பது அதுவல்ல. ஐந்தாவது குதிரை. அதன் முதுகில் வைக்கோல் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் பீங்கான். பளபளவென்று வெள்ளை. மழைத்தண்ணீர் அதற்குள் தேங்கி, குதிரை அடி வைக்கும்போதெல்லாம் தளும்பியது. பாதிவழி விடுதியின் கக்கூஸிலிருந்து தெரியும் மலைக்காட்சி எவ்வளவு பிரபலம் என்று போனவர்களுக்குத் தெரியும், அங்கேதான் போயிற்றோ என்னவோ. ஆயிரம் வருடம் தேயிலை போன பழம்பாதையில் கக்கூஸ் பீங்கான் போகிறது. சிரிக்கவும் முடியவில்லை, முட்டி நடுங்கிக்கொண்டிருந்தது.

தோ பாயோ தம்பி, உங்கள் குதிரைக்காரர் விஷயம் எனக்குப் பெரிய தப்பாகத் தெரியவில்லை. அவர் ஒரு நாளைக்கு இருபது பேர் பின்னால் போவார், அதில் இரண்டு பேர் ஏறுவார்கள். அதுதான் அவர் பிழைப்பு.

பழைய ஏட்டுக்காரன்

ஒரு திருத்தம். ‘ஆயிரம் வருடம் தேயிலை போன பழம்பாதை’ என்று ஈப்போ மாமா எழுதியிருக்கிறார். அங்கே பலகையிலும் அப்படித்தான் எழுதி வைக்கிறார்கள். ‘தேயிலைக் குதிரைப் பழம்பாதை’ என்ற பெயரே 1990-இல் ஆறு ஆய்வாளர்கள் யுன்னானிலிருந்து திபெத் பக்கம் நடந்துபோனபோது பிறந்தது. அதற்கு முன்னால் அந்த வழியில் சுமை ஏற்றிப் போன ஒருவனும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. வியாபாரம் பழையது, மறுக்கவில்லை. சீனாவின் சோங் அரசு 1074-லேயே சிச்சுவானில் தேயிலையைக் கொடுத்துத் திபெத்தியரிடம் போர்க்குதிரை வாங்குவதற்கென்று ஒரு தனி அலுவலகம் திறந்தது. ஆனால் பாதை ஒன்றல்ல. தெற்கே தேயிலைக் காடுகளிலிருந்து தாலி, லிஜியாங், தெச்சின் வழியாக லாசா வரை ஒரு வலைப்பின்னல். மழைக்கு ஒரு வழி, கொள்ளைக்காரனுக்குப் பயந்து ஒரு வழி. நீங்கள் நடந்த 20 சொச்சம் கிலோமீட்டர் அதில் ஒரு நூல்.

இரண்டாவது, அது பெரும்பாலும் குதிரையே அல்ல. கோவேறு கழுதை. காதைப் பார்த்தால் தெரியும்.

என் அனுபவம் என்று கேட்டால் இரண்டு வரிதான். யுன்னான்யி என்று ஒரு ஊர், தாலிக்குக் கிழக்கே. பழைய கடைத்தெரு. தெருவின் நடுவே கல் பாவியிருக்கிறது, அதில் குளம்பு பட்டுப் பட்டுக் குழிகள். முந்தின நாள் மழை. ஒரு குழியில் கட்டைவிரலை விட்டுப் பார்த்தேன், முதல் கணு வரை இறங்கியது. எதிர்வீட்டுக் குழந்தை அடுத்த குழியில் இருந்த தண்ணீரில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம்.

ஒரு குளம்பு கல்லைக் குழியாக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். யுன்னானின் பூஅர் தேயிலையை அழுத்திச் செய்த வட்டு ஒன்று 357 கிராம். ஏன் இந்த அசட்டு எண் என்று கேட்பீர்கள். 7 வட்டு மூங்கில் மட்டையில் சுற்றினால் ஒரு கட்டு, இரண்டரைக் கிலோ. 12 கட்டு ஒரு கூடை, 30 கிலோ. விலங்கின் இரு பக்கமும் ஒவ்வொரு கூடை, 60 கிலோ. கணக்கு விலங்கின் முதுகிலிருந்து தேயிலைக்கு இறங்கி வந்திருக்கிறது. கூட்டத்தின் தலைவனுக்குப் பெயர் மாகுவோதோவ். சொல்லுக்குச் சொல் எடுத்தால் குதிரை, சட்டி, தலை. சோற்றுச் சட்டி யார் கையிலோ அவன் தலைவன். சிச்சுவான் பக்கம் யாஆன் முதல் காங்டிங் வரை விலங்குகூடக் கிடையாது, மனிதன்தான் சுமந்தான். உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் கைத்தடியைப் பாரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, நின்றபடியே இளைப்பாறுவான். அந்தத் தடியின் இரும்பு முனை குத்திய ஓட்டைகள் இன்னும் பாறையில் இருக்கின்றன.

1942-இல் ஜப்பான்காரன் சீனாவுக்குச் சரக்கு வந்த பர்மா சாலையை அடைத்த பிறகு இந்தியாவின் காலிம்போங்கிலிருந்து லாசா வழியாக லிஜியாங்குக்குச் சரக்கு வந்ததும் இதே கால்களில்தான். பழம்பாதை என்கிறீர்கள், அதன் பரபரப்பான காலம் உங்கள் தாத்தா காலம்.

ஏமாந்த சோணகிரி

ஏட்டுக்காரரே, உங்களுக்கு யுன்னான்யி கிடைத்தது. எனக்குக் கிடைத்தது லாஷிஹாய் ஏரி.

லிஜியாங்கில் நாங்கள் தங்கிய இடத்தில் ‘பழம்பாதைக் குதிரைச் சவாரி, அரை நாள்’ என்று ஒரு அட்டை. கையில் ஒரே நாள், பள்ளத்தாக்குக்கு நேரமில்லை, சரி என்று ஏறினோம். வேன் ஒரு பெரிய கொட்டகையில் இறக்கிவிட்டது. உள்ளே பேருந்து நிலையம் மாதிரி வரிசை. குதிரைக்கு நம்பர், எனக்குக் கிடைத்தது 41. சுவரில் மூன்று விலை. முதல் விலைக்கு ஏரிக்கரை, இரண்டாவதற்கு ஒரு ஊற்று, மூன்றாவதற்குத்தான் ‘பழம்பாதை’. மூன்றாவதைக் கட்டினேன். ஆளுக்கு எவ்வளவு என்று இங்கே எழுதினால் என் தம்பி படிப்பான், வேண்டாம்.

குதிரைகள் ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு போகின்றன. ஓட்டுகிறவர் போனில் நாடகம் பார்த்துக்கொண்டு வருகிறார். ஒரு மேடு, நான்கு பைன் மரம், சகதி. திடீரென்று 41 நின்றது. உதைத்தேன், அசையவில்லை. கழுத்தை அழகாக இடப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு காலை லேசாகத் தூக்கி வைத்து நின்றது. புதரிலிருந்து க்ளிக். போட்டோகிராபர். அவன் தலையாட்டியதும் அதுவாக நடக்க ஆரம்பித்தது. பின்னால் வந்த 42-ம் அதே இடத்தில், அதே மாதிரி கழுத்தைத் திருப்பியது.

அந்தப் படம் 30 யுவான். வாங்கிவிட்டேன். அதில் நான் அசடு மாதிரி இருக்கிறேன், குதிரை ராஜா மாதிரி இருக்கிறது.

வருமுன் காப்போன்

இழையைப் படிக்கிறேன், ஒருவராவது தயாராகப் போனதாகத் தெரியவில்லை. நான் 2019-லும் போன மே மாதமும் இருமுறை நடந்தவன். இரண்டாம் முறை பாதிவழி விடுதி மொட்டை மாடியில் விடிகாலை, பனிமலை உச்சியில் மட்டும் வெயில் விழுந்ததைப் பார்த்து அழுதேன், அது இருக்கட்டும். போகப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

மழைக்காலம். ஜூன் பின்பாதியிலிருந்து செப்டம்பர் வரை போகாதீர்கள். மண் சரியும், கீழ்ச்சாலையை அடைப்பார்கள், மேல்பாதையில் கல் உருளும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் நல்லது. அக்டோபர் முதல் வாரம் சீனாவுக்கே விடுமுறை, 28 வளைவில் வரிசை நிற்கும்.

முழங்கால். தோ பாயோ நண்பர் மனைவிக்கு முட்டி சரியில்லை என்று தெரிந்தும் கைத்தடி இல்லாமல் கூட்டிப் போயிருக்கிறார். இரண்டு தடி கட்டாயம். முட்டிக்கு உறை கட்டாயம். ஏற்றத்தைவிட முடிவில் சாலைக்கு இறங்கும் இறக்கம்தான் முட்டியைத் தின்னும். பெரிய பையைத் தூக்கிக்கொண்டு ஏறவும் தேவையில்லை. மறுமுனை விடுதிக்கு வண்டியில் அனுப்பி வைக்கலாம், தோளில் தண்ணீரும் மழைக்கோட்டும் போதும்.

மேப். சீனாவுக்குள் வரைபடங்கள் இடத்தைக் குறிக்க வேறு கணக்குமுறை வைத்திருக்கின்றன. நம் கூகுள் மேப்பில் நீலப்புள்ளி சில நூறு மீட்டர் தள்ளித்தான் காட்டும். 2019-இல் என் புள்ளி ஆற்றுக்குள் நின்றது. உள்ளூர் செயலி இறக்கிக்கொள்ளுங்கள், அல்லது அம்புக்குறியைப் பார்த்து நடங்கள். பாறையில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், வழி தப்புவது கஷ்டம்.

பணம். அலிபே, வீசாட் என்ற பணம் கட்டும் செயலிகள் இரண்டிலும் கார்டை ஊரிலேயே ஏற்றிவிடுங்கள். மலைமேல் வெள்ளரிக்காய் விற்கிற ஆயாவும் கியூஆர் அட்டை வைத்திருக்கிறார். நுழைவுச் சீட்டு 45 யுவான். அதைத் தவிர ஓரிரு இடத்தில் ஊர்க்காரர்கள் தனியாகக் கேட்பார்கள், சில்லறை நோட்டும் கொஞ்சம் இருக்கட்டும்.

சாப்பாடு. சைவர்கள் ‘வோ ச்சி சூ’ என்று சொல்லப் பழகுங்கள், நான் சைவம் என்று அர்த்தம். முட்டை தக்காளிப் பொரியல், உருளைக்கிழங்கு, நாஷி ரொட்டி எங்கும் கிடைக்கும். ஆனால் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயரம். 2,670 மீட்டருக்கு மாத்திரை தேவையில்லை. அடுத்து ஷாங்ரிலா போகிறவர்களுக்கு 3,200-க்கு மேல், அங்கே முதல் நாள் ஓடியாடாதீர்கள். அங்கிருந்து லிஜியாங்குக்கு ரயிலிலேயே திரும்பலாம், 2023 நவம்பரில் வந்துவிட்டது.

குதிரை. ஏறுவதானால் கீழேயே பேசி முடியுங்கள். பாதியில் பேசினால் விலை அவர் கையில்.

ஏமாந்த சோணகிரி

பாதியில் பேசினால் விலை குறைகிறது என்று முதல் பதிவே சொல்கிறதே? 300, 200, 150. படித்தீர்களா?

வருமுன் காப்போன்

அது அவர் அதிர்ஷ்டம். பொதுவிதி சொன்னேன்.

தாலிக்காரி

ஐந்தரை வருடம் யுன்னானில் மருத்துவம் படித்தவள். ஊர்ப் பெயர் தாலி. ‘பொண்ணு எங்க படிக்குது?’ என்று யாராவது கேட்டால் ‘தாலியில’ என்று சொல்லி அம்மா படித்து முடிக்கும்வரை சிரித்தார், கேட்டவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பள்ளத்தாக்குக்கு நான்கு தடவை போயிருக்கிறேன், விடுமுறை வந்தால் மலிவாகப் போக அதுதான். அதில் ஒன்று மட்டும் உறுத்துகிறது. மேல்பாதை முடிந்த பிறகு ஆற்றுக்கு இறங்குவோம் இல்லையா, நடுப்பள்ளத்தாக்கில், புலி பாய்ந்ததாகச் சொல்லும் பாறைகளில் ஒன்று இருக்கும் இடம். இறங்கும் வழியில் ஒரு அக்கா முக்காலி போட்டு உட்கார்ந்து வால்நட் உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஃப்ளாஸ்க், அட்டையில் 15 யுவான். அப்போது எனக்குச் சீனம் நன்றாக வரும், சண்டை போடும் அளவுக்கு. மேலேயே டிக்கெட் வாங்கியாயிற்று, இது என்ன தனி வசூல், யார் கொடுத்த அதிகாரம் என்று கேட்டேன். நண்பர்கள் கைதட்டாத குறை.

அவர் கோபப்படவில்லை. சுத்தியலை எடுத்தார், நான் ஒரு எட்டுப் பின்னால் போனேன். பக்கத்துப் பாறையில் டக் டக் என்று தட்டினார். ‘இதுக்கு மேல இருக்குற ரோடு அரசாங்கம் போட்டது, டிக்கெட் அதுக்கு. இதை வெட்டுனது நாங்க. என் மாமனார் கையில ரெண்டு விரல் இல்ல, போய்ப் பாரு.’ வால்நட் உடைக்கிற அதே சுத்தியல்.

கொடுத்துவிட்டு இறங்கினேன். ஆற்றில் அவ்வளவு இரைச்சல், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. திரும்பி ஏறும்போது வான ஏணி. இரும்பு ஏணி, பாறையோடு ஒட்டிச் செங்குத்தாக. அதற்கும் அடியில் ஒருவர், 10 யுவான். வாயைத் திறக்காமல் கொடுத்தேன். பாதி உயரத்தில் என் பைப்பட்டை ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டது. ஒரு கையை விட்டால்தான் எடுக்க முடியும், விட மனசு வரவில்லை. கை வியர்த்து இரும்பு வழுக்குகிறது. கீழே பார்க்காதே என்று எல்லோரும் சொல்வார்கள், நான் பார்த்தேன். கீழே காசு வாங்கினவர் நாற்காலியிலிருந்து எழுந்து, ஏணியின் அடியில் இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். நான் விழுந்தால் அந்தக் கையால் என்ன செய்திருப்பாரோ. ‘மான்மான் பா, மான்மான் பா’ என்று கத்துகிறார். மெதுவா ஏறு, மெதுவா ஏறு. ஏறிவிட்டேன்.

தோ பாயோ அண்ணா, அதனால்தான் எழுத வந்தேன். உங்கள் ஆள் சொன்ன ‘மான்மான் ட்ஸோவ்’ கிண்டல் இல்லை. போனுக்குத் தெரிவது சொல்லுக்குச் சொல் அவ்வளவுதான். கடையை விட்டுக் கிளம்பினால் கடைக்காரர் சொல்வார், வீட்டை விட்டுக் கிளம்பினால் பாட்டி சொல்வார். நாம் ‘பார்த்துப் போங்க’ என்கிறோமே, அது. ‘மெதுவாகப் போ, உன்னால் முடியாது’ இல்லை. நீங்கள் போகச் சொன்னீர்கள், அவர் ‘சரி, பார்த்துப் போங்க’ என்று விடை கொடுத்திருக்கிறார்.

ஈப்போ மாமா

விடை கொடுத்துவிட்டு ஏன் இன்னும் பத்து வளைவு பின்னால் வந்தார், அதைச் சொல்லுங்கள் டாக்டரம்மா.

தாலிக்காரி

மக்காச்சோளம் போட நிழல் எங்கே இருக்கிறதோ அதுவரை வந்திருப்பார் மாமா. மேலே போனால் எதிர்ப்பக்கம் இருந்து வருகிறவர்களும் கிடைப்பார்கள். எல்லாம் உங்கள் தோ பாயோ தம்பிக்காகவேதான் இருக்க வேண்டுமா?

குவாங்சோ கணக்கப்பிள்ளை

எல்லோரும் யுன்னான் யுன்னான் என்கிறீர்கள். பழம்பாதை என்றால் எங்கள் பக்கம் மெய்குவான். குவாங்டோங், ஜியாங்ஷி மாகாணங்கள் தொடும் மலை இடுக்கு. 716-இல் தாங் அரசு காலத்தில் வெட்டியது, அந்த வேலையைப் பார்த்த சாங் ஜியூலிங் பிறகு முதன்மை அமைச்சரானார். ஏட்டுக்காரர் 1990 என்று அடிக்க முடியாத பழசு. குவாங்சோ துறைமுகத்துக்கு வந்த சரக்கும் போன சரக்கும் இந்த இடுக்கு வழியாகக் கூலியாட்களின் தோளில் போனது. 1595-இல் இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி இதன் வழியாகத்தான் வடக்கே போனார், 1793-இல் பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி பெய்ஜிங்கிலிருந்து திரும்பியதும் இதே வழிதான்.

அலுவலகத்தில் ஒரு ஜனவரியில் கூட்டிப் போனார்கள், பிளம் பூ பார்க்க. பூ பாதி உதிர்ந்திருந்தது. உருண்டைக் கல் பாவிய படி, ஈரம், எல்லோரும் வழுக்கினோம். மேலே ஒரு கல் வாசல், நம் ஊர்க் கோட்டைவாசலில் கால்வாசி. அதைத் தாண்டினால் போன் ‘டிங்’. ஜியாங்ஷி உங்களை வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி. திரும்பி இந்தப் பக்கம் வந்தேன், மறுபடி டிங், குவாங்டோங் வரவேற்கிறது. எங்கள் மேனேஜர், ஐம்பத்தெட்டு வயது, அலுவலகத்தில் ஒரு நாள் சிரித்துப் பார்த்ததில்லை. வாசலுக்குள் நின்று இந்தப் பக்கம் ஒரு எட்டு, அந்தப் பக்கம் ஒரு எட்டு என்று ஆறு தடவை போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் போனைக் காதில் வைத்துக் கேட்டார். எதற்கு என்று கேட்டேன். ‘எங்க அப்பா உப்பு தூக்குன வழி’ என்றார். அதற்கு மேல் பேசவில்லை. மறுநாள் அலுவலகத்தில் பழைய மேனேஜர்தான்.

பழைய ஏட்டுக்காரன்

மெய்குவான் பற்றிச் சொன்னது சரி. ஆனால் வெட்டியது 716-இல் என்றாலும் இப்போது நிற்கும் வாசல் சோங் காலத்தது. கல் பாவியதெல்லாம் பலமுறை மாற்றிப் போட்டது. ‘பழசு’ என்று சொல்லும்போது எந்தக் கல்லைச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், குதிரையா கோவேறு கழுதையா என்ற என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

குவாங்சோ கணக்கப்பிள்ளை

வாசல் எந்தக் காலத்ததாக இருந்தால் என்ன ஐயா, டிங் வந்தது.

தோ பாயோ வாசி

எல்லோருக்கும் நன்றி. வருமுன் காப்போன் சார், கைத்தடி இரண்டு கொண்டுபோயிருந்தோம், எழுத விட்டுவிட்டேன். மனைவி இதைப் படித்துவிட்டு உங்களுக்குச் சொல்லச் சொன்னாள்.

தாலிக்காரி எழுதியதைப் படித்ததிலிருந்து வேறு மாதிரி குடைகிறது. கிண்டல் என்று நினைத்தபோது கோபமாவது இருந்தது.

ஏட்டுக்காரர் கேட்டதற்காக நேற்று இரவு பழைய வீடியோக்களைத் தேடினேன். படம் ஒன்றிலும் அவர் இல்லை, நான் எடுக்கவே இல்லை. பத்தொன்பதாவது வளைவில் மனைவி பள்ளத்தாக்கைச் சுற்றிக் காட்டி எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது, 22 விநாடி. கடைசியில் கேமரா திரும்பும்போது ஓரத்தில் இரண்டு நீளக் காது தெரிகிறது. கோவேறு கழுதைதான், நீங்கள் சொன்னது சரி. வீடியோ முழுக்க மணி கேட்கிறது. நடுவில் என் குரலும் கேட்கிறது: ‘திரும்பிப் பாக்காத, பாத்தா மறுபடி வெல சொல்லுவான்.’